புதன்கிழமை டின்

முதுகெலும்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே டாக்டர் பெர்னடெட் ஹிண்டிலுக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். கிரிம்டேல் ஆஸ்பத்திரியில் வருடா வருடம் அக்டோபரில் அந்த வார்த்தை கேக்கோடு சேர்ந்து வரும். பெரிய டாக்டர்களில் யாராவது ஒருவர் எழுந்து, "நீங்கதான் இந்த ஆஸ்பத்திரிக்கே முதுகெலும்பு" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். ஆளுக்கு ஒரு துண்டு எலுமிச்சைக் கேக் கிடைக்கும். அத்தோடு அடுத்த அக்டோபர் வரை முதுகெலும்பை மறந்துவிடுவார்கள்.

"முதுகெலும்பு எங்க இருக்கு? பின்னாடி. நோவு வந்தாத்தான் அப்படி ஒண்ணு இருக்கிறதே ஞாபகத்துக்கு வரும்" என்பாள் பெர்னி. பெர்னடெட் என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் அவள் அம்மாவும், அவளிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டியவர்களும்தான்.

அந்த முதுகெலும்பு யாரென்றால், ஆஸ்பத்திரியின் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம். மேலே கன்சல்டன்ட் என்ற பெரிய டாக்டர்கள். கீழே, என்றைக்காவது கன்சல்டன்ட் ஆகப்போகிற பயிற்சி டாக்டர்கள். அவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு, ஆளுக்கொரு வழிகாட்டி, ஆறு மாதத்துக்கொரு ஊர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குப் படிப்பு உண்டு, அனுபவம் மலை மாதிரி உண்டு. பயிற்சி என்கிற அந்த வரிசையில் மட்டும் இடம் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், பிள்ளை பெற்றதால் பாதியில் இறங்கியவர்கள், பரீட்சை நேரத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவர்கள். வார்டுச் சுவர்களுக்கு அவர்கள் கண்முன்னால் பலமுறை வர்ணம் மாறியிருக்கும். அவர்கள் பதவி மாறியிருக்காது.

பெர்னியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். சந்தைத் தெருவில் பேக்கரி வைத்திருந்தவரின் மகள். மான்செஸ்டரில் படித்து மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சியில் இருந்தபோது இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. பாதி நேர வேலையாகப் பார்த்துப் பயிற்சியை முடிக்கலாமா என்று போய்க் கேட்டாள். அந்தக் காலத்துப் பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, பாதி நேரத்தில் பாதி மயக்கம்தான் கொடுக்க முடியும் என்று சொன்னார். பெர்னி மரியாதைக்குச் சிரித்துவிட்டு வெளியே வந்து, காருக்குள் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் சொந்த ஊரான கிரிம்டேலிலேயே வேலைக்குச் சேர்ந்து ஊரையே தூங்க வைத்தாள். அறுவை மேஜையில் படுத்த நகர மேயரிடமும், "எதையாவது நல்லதா நினைச்சுக்கோ, கண்ணு" என்றுதான் சொன்னாள்.

அந்தக் கார் அழுகையை அவள் மறக்கவே இல்லை. அதனால்தான், பயிற்சிக்கு வெளியே இருக்கும் டாக்டர்களைக் கைதூக்கிவிட ஒரு பொறுப்பாளர் வேண்டும், வாரத்தில் அரை நாள் வேலை என்று அறிவிப்பு வந்தபோது, வேறு யாரும் சீந்தாத அந்தப் பதவியை அவள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். பழைய துணி அறை ஒன்றை அலுவலகமாகக் கொடுத்தார்கள். ஜன்னல் இல்லை. சுவரில் வெந்நீர்க் குழாய் ஓடியதால் டிசம்பரிலும் வியர்க்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு ஒருவரைப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவாள், இன்னொருவருக்குப் படிப்பு விடுமுறைக்காகச் சண்டை போடுவாள், மூன்றாமவருக்கு நேர்முகத் தேர்வில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பாள். அவள் கைபட்டு நாலைந்து பேர் கரையேறியும் விட்டார்கள். கரையேறாமல் இருந்தவர் முதஸ்ஸிர்.

டாக்டர் முதஸ்ஸிர் அல்-தாயிப் சூடான்காரர். பொது மருத்துவப் பிரிவில் இருந்தார். வாயில் நுழையவில்லை என்று ஆஸ்பத்திரியே அவரை மோ என்று சுருக்கிவிட்டது. அவர் பதிலுக்கு யாரையும் சுருக்கவில்லை. கன்சல்டன்ட்களை டாக்டர் இன்னார் என்றே சொல்வார். பெர்னியை ஹாஜ்ஜா என்பார். ஹஜ் யாத்திரை போய்வந்தவள் என்று அர்த்தம். ஆனால் அவர் ஊரில் வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெர்னி போன ஒரே யாத்திரை பிளாக்பூல் கடற்கரைக்குத்தான் என்றாலும் அவளுக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

முதஸ்ஸிரின் தலையெழுத்து ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. பனி மூடிய வீடு படம் போட்ட கிறிஸ்துமஸ் டின். புதன்கிழமை மத்தியானம் பயிற்சி டாக்டர்களுக்கு வகுப்பு. வகுப்பில் தொந்தரவு கூடாது என்பதால் அவர்கள் வார்டிலிருந்து கூப்பிட்டால் கத்துகிற தங்கள் பேஜர்களை அந்த டின்னில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரோ ஒருவர் டின்னைத் தூக்கிக்கொண்டு எல்லா வார்டுக்கும் ஓட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதஸ்ஸிரிடம் ஒருவர், "உங்களுக்கு ரொம்பச் சிரமமா இல்லன்னா, இந்த ஒரு தடவை..." என்று இழுத்தார். முதஸ்ஸிர், "ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்றார். அவர் ஊரில் கேட்டவருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது பாவம். இந்த ஊரிலோ ஒரு தடவை சரி என்றால் அது பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி. அன்றிலிருந்து இத்தனை வருடமாக ஒவ்வொரு புதனும் கோழிக்கூண்டு மாதிரி கத்துகிற அந்த டின் அவர் கக்கத்தில்தான்.

வரிசையில் சேராமலே கன்சல்டன்ட் ஆக ஒரு வழி உண்டு. இதுவரை செய்த வேலைக்கெல்லாம் சாட்சி திரட்டி, மேலிடத்துப் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். கஷ்டம் என்னவென்றால், சில வருடம் போனால் பழைய சாட்சி செல்லாது. இந்தப் பக்கம் சேர்க்கச் சேர்க்க அந்தப் பக்கம் காலாவதியாகும். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். டின்னோடு ஓடிய நேரம் போக மிச்ச நேரத்தில் முதஸ்ஸிரும் பெர்னியும் அந்தப் பானையை ஒருவழியாக நிரப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் பதில் வந்தது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அவசர நோயாளிகள் வந்து குவிகிற ஒரு மத்தியானத்தை முதஸ்ஸிர் தலைமை தாங்கி நடத்தியதை எந்தக் கன்சல்டன்டும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் அதற்குப் பதில் வேண்டும். தவறினால் பாதிச் சாட்சி காலாவதி, திரும்ப முதலிலிருந்து. முதஸ்ஸிருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க அவரிடம் தெம்பு இல்லை என்பது பெர்னிக்குத் தெரியும். தனக்கும் இல்லை. வசந்தத்தில் அவளுக்கு ஓய்வு.

நேராக டாக்டர் கிறிஸ்பின் ஆலரன்ஷாவிடம் போனாள். இதய நோய்க்காரர், பிரிவுத் தலைவர், கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி வில் டை. முதஸ்ஸிரின் மேலதிகாரி என்ற முறையில் அறிக்கை எழுதியவர் அவர்தான். என்ன எழுதியிருந்தார்? நம்பகமானவர், நல்ல மனிதர், கிரிக்கெட்டில் ஆர்வம் உண்டு. முதஸ்ஸிருக்கும் கிரிக்கெட்டுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வெயில் நாட்டிலிருந்து வந்தவர் என்றால் கிரிக்கெட் இல்லாமலா என்று ஆலரன்ஷா தாமாகவே முடிவு கட்டிவிட்டார்.

"மோ டியூட்டில இருந்தா என்னை வீட்டிலருந்து கூப்பிட்டதே இல்ல, பெர்னடெட். ஒரு தடவைகூட. அவ்வளவு கெட்டிக்காரர்" என்றார் ஆலரன்ஷா.

"அதனாலதான் நீங்க அவர ஒரு தடவைகூடப் பாக்கல."

அவர் கொஞ்சம் அசடு வழிந்தார். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதித் தர அவர் சம்மதிக்கவில்லை. பெர்னிக்கும் அப்படி ஒன்று வேண்டாம். ஒரு மத்தியானம் கூட நின்று பாருங்கள் என்றாள். டைரியைப் புரட்டினார். பிப்ரவரி வரை இடம் இல்லை, முயற்சி செய்கிறேன் என்றார். முயற்சி செய்கிறேன் என்றால் இந்த ஊர் பாஷையில் என்ன அர்த்தம் என்று பெர்னிக்குத் தெரியாதா? வெளியே வந்து துணி அறைக் குழாயை ஓங்கி ஒரு உதை விட்டாள். கால் வலித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் வந்தது, கேக்கும் வந்தது. இந்த வருடப் பேச்சு ஆலரன்ஷாவுடையது. முதுகெலும்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். முடிக்கும்போது, "உங்களுக்காக நாங்க என்ன செய்யணும்னாலும் தயங்காம கேளுங்க" என்றார். நன்றி வணக்கம் சொல்கிற மாதிரி அது. அந்த மண்ணில் பிறந்த யாரும் அதற்கப்புறம் எழுந்து எதையும் கேட்க மாட்டார்கள். பெர்னி அந்த மண்ணில்தான் பிறந்தவள். கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா, கண்ணு? அடுத்த புதன்கிழமை மத்தியானம் எங்க ஆளுங்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறேன். அன்னிக்கு டின்ன நீங்க வச்சுக்கணும்."

யாரோ ஒருவரின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. முதஸ்ஸிர், ஒரு மனிதரை இப்படிச் சபையில் நிறுத்தலாமா என்று பதறி, "ஒண்ணும் பிரச்..." என்று எழப்போனார். பெர்னி அறுவை அறையில் போடுகிற மரச் செருப்பைத்தான் அன்றும் போட்டிருந்தாள். அதன் குதிகாலை அவர் காலில் வைத்து அழுத்தினாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆலரன்ஷா காதுவரை சிவந்து போனார். நாற்பது பேர் முன்னால் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, கேட்டதும் மாட்டேன் என்பதற்கு அந்த ஊர்க் கனவான்கள் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கவில்லை. "நிச்சயமா. சந்தோஷமா" என்றார்.

கூட்டம் கலைந்ததும் முதஸ்ஸிர் நொண்டிக்கொண்டே வந்து, பாவம் அவருக்குச் சிரமம் கொடுத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார். பெர்னிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்லுவாங்க. நீ அழுறதும் இல்ல. அடுத்தவன் குடிச்ச டம்ளரையும் கழுவிக் கவுத்து வைக்கிற."

"எங்கம்மா அப்படித்தான் வளர்த்தாங்க, ஹாஜ்ஜா."

"நல்லாத்தான் வளர்த்தாங்க. நான் இப்ப கொஞ்சம் கெடுக்கப்போறேன்."

புதன்கிழமை வகுப்பின் தலைப்பே அதுதான்: முடியாது என்று சொல்வது எப்படி. வழக்கமாக மருந்துக் கம்பெனிக்காரன் பயிற்சி டாக்டர்களுக்கு வாங்கித் தரும் சாப்பாட்டில் மிஞ்சியதுதான் இவர்களுக்கு வரும். அன்றைக்குப் பெர்னி அண்ணன் பேக்கரியிலிருந்து சூடாகச் சீஸ் வெங்காய பப்ஸ் கொண்டுவந்திருந்தாள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் வேலை ஏவ வேண்டும், மற்றவர் முடியாது என்று சொல்ல வேண்டும் என்றாள். மற்றவர்கள் முக்கி முனகிச் சொல்லிவிட்டார்கள். முதஸ்ஸிரும் கண்ணை மூடிக்கொண்டு முடியாது என்றார். உடனே மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அப்புறம் எழுந்து போய், தான் முடியாது என்று சொன்னவருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார். பெர்னி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதே தாழ்வாரத்தில் டின் கத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், மறுபடி தூரத்தில். ஒவ்வொரு கத்தலுக்கும் முதஸ்ஸிரின் கை தானாக இடுப்புக்குப் போனது. அது ஏழாம் வார்டு, இது அவசரப் பிரிவு என்று அவர் வாய் முணுமுணுத்தது. பெர்னி அவர் கையில் இன்னொரு பப்ஸைத் திணித்தாள்.

ஆலரன்ஷா அங்கே என்ன பாடு பட்டார் என்று நர்ஸ்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஏழாம் வார்டுக்கு ஓடினார். அது எப்போதோ புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, பழைய இடத்தில் சக்கர நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் மருந்து எழுதப் பார்த்தார். கடவுச்சொல் எந்தக் காலத்திலோ காலாவதியாகியிருந்தது. ஒரு பேஜருக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டு கத்தின. கடைசியில் ஒரே நேரத்தில் மூன்று வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றும் அவசரம். யாரை முதலில் பார்ப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. வில் டை அவிழ்ந்து தொங்க, டின்னை அணைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"மன்னிக்கணும், பெர்னடெட். மோவ ஒரு அஞ்சு நிமிஷம்..."

பெர்னிக்கு அந்தக் கணத்தில்தான் மூளையில் விளக்கு எரிந்தது. "கூட்டிட்டுப் போங்க. ஆனா சாயங்காலம் வரைக்கும் அவர்தான் தலைமை. டின்னத் தூக்கிக்கிட்டு நீங்க பின்னாடியே நடக்கணும். வாய மூடிக்கிட்டு, கண்ணத் திறந்து வச்சுக்கணும்" என்றாள். நோயாளிகள் காத்திருக்க இது பேரம் பேசுகிற நேரமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். அவள் பேசி முடிப்பதற்குள் முதஸ்ஸிர் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார்.

போகும்போதே மூன்று வார்டுக்கும் போனில் பேசினார். நாலு கேள்விதான் கேட்டார். ஒரு இடத்தில் நர்ஸிடம் செய்ய வேண்டியதைச் சொன்னார், இன்னொரு இடத்துக்கு அறுவைப் பிரிவுக்காரரை அனுப்பினார், மூச்சுத் திணறிய பெண்மணியிடம் தாமே போனார். அப்புறம் அவசரப் பிரிவு. வந்தவர்களை வரிசைப்படுத்தினார், ஒரு மகளைத் தனியே உட்கார வைத்து அப்பாவின் நிலைமையை மெதுவாகச் சொன்னார், அவள் அழுது முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டு ஏந்துபவர் மாதிரி டின்னை ஏந்திக்கொண்டு ஆலரன்ஷா பின்னாலேயே நடந்தார். ஒரே ஒரு முறை, ஒரு கிழவர் கட்டிலருகே, "நான் கொஞ்சம் கேட்டுப் பாக்கலாமா?" என்று அனுமதி கேட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். முதஸ்ஸிர் காதுக்கு எட்டாத, இதயத்தின் ஒரு மெல்லிய முணுமுணுப்பை அவர் பிடித்தார். முதஸ்ஸிர் குனிந்து தாமும் கேட்டார். இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம். அதையும் நர்ஸ்கள்தான் சொன்னார்கள்.

சாயங்காலம் ஆலரன்ஷா துணி அறைக்கு வந்தார். மிச்சமிருந்த ஆறிய பப்ஸை எடுத்துத் தின்றுகொண்டு வெந்நீர்க் குழாயை வெறித்துப் பார்த்தார்.

"பன்னெண்டு வருஷமா என் பக்கத்துலயே இருந்திருக்கார், பெர்னடெட். நான் பாக்கவே இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

பெர்னி வழக்கமாகக் குத்திக் காட்டாமல் விடுகிறவள் இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டாள்.

எழுந்து போகும்போது அவர், "அவர் பேர எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். பெர்னி சொல்லிக்கொடுத்தாள். வாசலைத் தாண்டியும் அவர் முதஸ்ஸிர், முதஸ்ஸிர் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனது அவளுக்குக் கேட்டது.

புது அறிக்கை அந்த வாரமே போனது. அதில் கிரிக்கெட் இல்லை. கண்ணால் பார்த்தது மட்டும் இருந்தது, பக்கம் பக்கமாக. புதன்கிழமை டின்னை இனிமேல் கன்சல்டன்ட்களே வைத்துக்கொள்வது என்றும் விதி வந்தது. சபையில் சந்தோஷமாக என்று சொன்னவரால் பின்வாங்க முடியவில்லை. பனி உருகும் முன்பே முதஸ்ஸிர் தேறிவிட்டார் என்ற செய்தி வந்தது. கிரிம்டேலிலேயே ஒரு கன்சல்டன்ட் இடம் காலியாக இருந்தது. நேர்முகத் தேர்வில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்கும் பெர்னிதான் சொல்லிக்கொடுத்தாள். வேலை கிடைத்த அன்று அவள் மறுபடி காருக்குள் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகை வேறு.

அவள் ஓய்வு பெறும் வாரத்துப் புதன்கிழமை, மத்தியான நேரத்தில் கையில் டின்னோடு முதஸ்ஸிரின் புது அறைக்கு வந்தாள். ஜன்னல் வைத்த அறை. டின்னை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கன்சல்டன்ட்கள் கூடிப் பேசி ஏகமனதாக முடிவெடுத்து அவளிடமே கொடுத்தனுப்பியிருந்தார்கள்: விதிப்படி கன்சல்டன்ட்தான் டின்னை வைத்துக்கொள்ள வேண்டும், புதுக் கன்சல்டன்டுக்குத்தான் அதில் நல்ல பழக்கம் இருக்கிறது.

பெர்னிக்குப் பொறுக்கவில்லை. டை கட்டிக்கொண்டு அதே டின்னைத் தூக்கவா இத்தனை பாடு? இருந்தாலும் வகுப்பு எடுத்தாகிவிட்டது, இனி பிள்ளை பாடு. மரச் செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

டின்னுக்குள் ஒன்று கத்தியது. முதஸ்ஸிரின் கை பழக்கதோஷத்தில் நீண்டது. "ஒண்ணும்..." என்று வாயும் திறந்தது. திறந்தபடியே நின்றது. பனி மூடிய அந்த வீட்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் டின்னை மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார்.

"இல்ல, ஹாஜ்ஜா. முறை வச்சுக்கலாம். இந்த வாரம் கிறிஸ்பின் முறை."

மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து போய் ஒரு டீ மட்டும் போட்டு, டின்னோடு சேர்த்துக் கிறிஸ்பின் ஆலரன்ஷாவுக்குக் கொடுத்தனுப்பினார்.